கெசட்டில் விளைந்த சர்ஜன்

கத்தி பிடிக்கப் பழக எத்தனை வருஷம் ஆகும் என்று இனி யாரும் கேட்க வேண்டாம். டெல்லியில் அச்சகம் ஒரு ராத்திரி ஓடினால் போதும். 2020 நவம்பரில் இந்திய மருத்துவ மத்திய கவுன்சில் ஓர் அறிவிக்கை போட்டது. ஆயுர்வேத மேற்படிப்பில் சல்ய தந்திரம், சாலாக்கிய தந்திரம் எடுப்பவர்கள் 58 வகை அறுவைச் சிகிச்சைகளில் பயிற்சி பெற்று, படிப்பு முடிந்ததும் தனியாகவே செய்யலாமாம். சல்யத்தில், அதாவது பொது அறுவையில், 39. சாலாக்கியத்தில் கண், காது, மூக்கு, தொண்டை, பல் என்று 19. தோல் ஒட்டு உண்டு, கண்புரை உண்டு, ரூட் கேனாலும் உண்டு. அப்படியென்றால் பல் டாக்டர்கள் எதற்குத் தனியாக ஐந்து வருஷம் மாரடிக்கிறார்கள் என்று கேட்டால் குற்றம்.

சத்தம் கிளம்பியதும் ஆயுஷ் அமைச்சகம் விளக்கம் சொன்னது: புதிதாக ஒன்றுமில்லை, 2016 விதியில் இருந்ததைத்தான் தெளிவாக்கினோம். பேஷ்! எந்த தியேட்டரில், யார் மேற்பார்வையில், எத்தனை வயிறு பார்த்த பிறகு என்பது மட்டும் தெளிவாகவில்லை. மயக்க மருந்து கொடுக்கிறவர் யார், நடுவில் ரத்தம் நிற்காவிட்டால் ஓடி வருகிறவர் யார், சீழ் பிடித்தால் எந்த ஊசி? கெசட்டுக்கு ரத்தம் வராது. அதனால் அதற்கு இந்தக் கவலை இல்லை.

ஆயுர்வேதத்தை இளக்காரமாகப் பேச எங்கள் ஊரில் எவனுக்கும் நாக்கு வராது. கோட்டக்கல் ஆர்ய வைத்திய சாலையின் மருந்துத் தொழிற்சாலை ஒன்று கஞ்சிக்கோட்டில்தான் இருக்கிறது. அரிஷ்டமும் குழம்பும் தைலமும் அறியாத வீடு பாலக்காட்டில் கிடையாது. ஆனால் இதே கஞ்சிக்கோட்டில் இரும்பு உருக்கும் பட்டறைகளும் ரோலிங் மில்களும் வரிசையாக நிற்கின்றன. ராத்திரி ஷிப்டில் பீகார்ப் பையன் ஒருவனுக்கு உருளையில் விரல்கள் மாட்டி நசுங்கினால், கூட இருப்பவர்கள் துணியைச் சுற்றி, கையைத் தூக்கிப் பிடித்தபடி வண்டியில் ஏற்றுவார்கள். பாலக்காடா, வாளையார் தாண்டிக் கோவையா என்று டிரைவர் ஒரு கணம் யோசிப்பான். அந்த ஒரு கணத்தில் சுஸ்ருதரின் பெருமையைப் பேச அமைச்சர் யாராவது வண்டியில் ஏறுவாரா?

எங்கள் தெருவில் தமிழ் பேசும் வீட்டுப் பெண் ஒருத்தி நீட் எழுதினாள் என்று வையுங்கள். எம்.பி.பி.எஸ். கைக்கு எட்டவில்லை, பி.ஏ.எம்.எஸ். கிடைத்தது. அதற்கும் நீட்தான். ஐந்தரை வருஷம், பிறகு மேற்படிப்பு மூன்று வருஷம். அம்மா கேட்பாள்: “ஏன் அம்மிணி, நீ வயித்தைக் கிழிச்சுத் தைப்பியா?” “செய்யலாம்னு கெசட்டுல போட்டிருக்கும்மா.” “போட்டது கெடக்கட்டும். உனக்கு யாரு கிழிச்சுக் காட்டுனா?”

இந்தக் கேள்விக்கு அமைச்சகத்தில் கோப்பு இல்லை.

கோப்பு வேறு இடத்தில் இருந்தது. ஆயுர்வேத டாக்டர்களுக்கு எம்.பி.பி.எஸ். டாக்டர்களுக்கு இணையான சம்பளம் கிடையாது என்று குஜராத் அரசு உச்ச நீதிமன்றம் வரை போய் வழக்காடியது. 2023 ஏப்ரல் 26 அன்று நீதிபதிகள் வி. ராமசுப்பிரமணியன், பங்கஜ் மித்தல் அமர்வு அரசின் பக்கம் தீர்ப்பளித்தது. சிக்கலான அறுவைகளில் சர்ஜனுக்கு உதவியாக நிற்க ஆயுர்வேத டாக்டர்களால் இயலாது, எம்.பி.பி.எஸ். முடித்தவர்களால் இயலும் என்றது தீர்ப்பு. ஆக, டெல்லி கெசட்டில் அவர்கள் கத்தி பிடிக்கலாம். சம்பளக் கணக்கு வந்தால் சர்ஜனுக்குக் கத்தி எடுத்துக் கொடுக்கவும் லாயக்கில்லை. ஒரே மனிதரை மேடையில் தன்வந்திரி என்பதும் கஜானா வாசலில் நீ யார் என்பதும் ஒரே கட்சிக்காரர்களின் அரசுகள்.

இந்திய மருத்துவ சங்கம் சும்மா இருக்குமா? 2020 டிசம்பர் 11, காலை ஆறு முதல் மாலை ஆறு வரை அவசரமில்லாத சிகிச்சைகளை நிறுத்தியது. இரண்டு மருத்துவங்களைக் கலக்கும் மிக்ஸோபதியாம், உயிருக்கு ஆபத்தாம். ஆபத்து என்பது உண்மைதான். ஆனால் 2023 செப்டம்பரில் மேற்படிப்பு இடங்கள் காலியாகக் கிடந்தன என்று முதுநிலை நீட்டின் தகுதி அளவைப் பூஜ்ஜிய பர்சென்டைல் ஆக்கினார்களே, பரீட்சை எழுதிய எல்லாரும் தகுதி பெற்றார்களே, அன்று நாடெங்கும் ஓ.பி.யை மூடினார்களா? கோடிகளில் விலை பேசப்படும் தனியார் கல்லூரி இடத்தில் உட்கார்கிறவனிடம் தகுதி எங்கே என்று எந்தச் சங்கம் பந்தல் போட்டது? தகுதியின் காவல்தெய்வங்களுக்குப் பணக்கட்டைப் பார்த்தால் மட்டும் கண் மங்கிவிடுகிறது. அதற்கும் கண்புரை அறுவை வேண்டும் போல.

காகிதத்தால் வைத்தியரை மாற்றும் வித்தை நம்முடையது மட்டுமல்ல. அமெரிக்காவில் ஆஸ்டியோபதி என்றொரு மருத்துவம், நம் புத்தூர்க் கட்டு மாதிரி எலும்பைப் பிடித்துவிடுவதில் கிளம்பியது. ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் 1892-ல் மிசௌரியில் அதற்குக் கல்லூரி தொடங்கினார். 1962-ல் கலிபோர்னியாவில் 65 டாலர் கட்டி, சின்ன வகுப்பில் உட்கார்ந்தால் ஆஸ்டியோபதியின் டி.ஓ. பட்டக்காரர் எம்.டி. ஆகலாம் என்று வைத்தார்கள். இரண்டாயிரம் பேருக்கு மேல் மாறினார்கள். அதுவும் கேலிக்கூத்துதான். ஆனால் டி.ஓ. கல்லூரிகள் நவீன மருத்துவத்தை முழுசாகவே கற்றுக்கொடுத்தன. 2020 ஜூன் 30-க்குள் எம்.டி., டி.ஓ. இருவருக்கும் ஒரே ரெசிடென்சி அங்கீகாரம் என்றாயிற்று. இப்போது அங்கே டி.ஓ. ஒருவர் சர்ஜன் ஆக வேண்டுமென்றால் எம்.டி.க்காரனோடு அதே தியேட்டரில், அதே ராத்திரி டியூட்டியில் வருஷக்கணக்கில் நிற்க வேண்டும். சில துறைகளில் டி.ஓ. என்றதும் முகம் சுளிக்கிற பெரியவர்கள் இன்னும் உண்டு. இருந்தாலும் வாசல் ஒன்று. அதே 2020 நவம்பரில் நாம் வாசலே இல்லாமல் சுவரில் பெயர்ப்பலகை மாட்டினோம்.

இத்தனைக்கும் வழி இங்கேயே இருந்தது. பவுத்திரத்துக்கு க்ஷார சூத்திரம் என்று மருந்து தோய்த்த நூலைக் கட்டுவது ஆயுர்வேத முறை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அதை அறுவையோடு ஒப்பிட்டுப் பல மையங்களில் சோதித்து 1991-ல் முடிவை வெளியிட்டது. புண் ஆற நாள் கூடுதல், நோய் திரும்ப வருவது குறைவு. நேர்மையான சோதனை, நேர்மையான பதில். மற்றவற்றையும் அப்படிச் சோதித்துவிட்டு வந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை. சோதனைக்கு வருஷங்கள் ஆகும். தேர்தல் அதற்குள் வந்துவிடும்.

மந்திரிமாரே, எங்கள் தெருவின் அந்த பி.ஏ.எம்.எஸ். பெண்ணை சர்ஜன் ஆக்க நிஜமாகவே ஆசையிருந்தால் மருத்துவக் கல்லூரி தியேட்டர் கதவைத் திறந்துவிடுங்கள். எல்லாருக்கும் வைக்கிற பரீட்சையையே அவளுக்கும் வையுங்கள், எல்லாருக்கும் தருகிற சம்பளத்தையே அவளுக்கும் தாருங்கள். முடியாதென்றால் அந்தப் பட்டியலைத் திரும்பப் பெறுங்கள். அதுவும் முடியாதென்றால், அடுத்த முறை உங்களுக்குக் குடல்வால் வலித்தால் எய்ம்ஸ் பக்கம் போகக் கூடாது.