பேராண்டியின் மெய்க்கீர்த்தி

நீ எழுதின அறிமுகத்தைப் படிச்சிட்டேன்டா பேராண்டி. கண்ணாடி போடாம ஒரு தரம், கண்ணாடி போட்டுக்கிட்டு ஒரு தரம். ரெண்டு தரமும் உன்னை அதுல காணோம்.

"பேரார்வமும் விடாமுயற்சியும் கொண்ட, சவால்களை நேசிக்கும் தொழில்நுட்ப வல்லுநர்." யாருடா இவரு? காலையில எட்டு மணிக்கு உங்க ஆயா முகத்துல தண்ணி தெளிச்சு எழுப்புற ஒருத்தன் நம்ம வீட்டுல இருக்கானே, அவனுக்கு இவரு என்ன உறவு? சவாலை நேசிக்கிறாராம். போன மாசம் மாடு கயித்தை அறுத்துக்கிட்டுச் சங்கராபரணிப் பக்கம் ஓடிச்சே, அந்தச் சவாலை நேசிக்க வல்லுநர் வெளியவே வரலியே ராசா.

கோவிச்சுக்காத. உன் தொழில்ல இருக்கிற முகம் தெரியாத அத்தனை பேருக்கும் நடுவுல எழுந்து நின்னு, நான் யாரு, எப்படி இந்த வேலைக்கு வந்து சேர்ந்தேன்னு சொல்லணும். கஷ்டம்தான். அதுக்கு யோசனை கேக்க எங்கிட்ட வந்த பாரு, சரியான ஆளைத்தான் புடிச்ச. என்னைப் பத்தி நானா யார்கிட்டயும் இதுவரைக்கும் ஒரு வார்த்தை சொன்னதில்ல. சொல்ல விட்டாத்தானே?

வில்லியனூர்ல நீ பஸ்ஸுக்கு நின்னா பக்கத்துல நிக்கிறவரு ஆரம்பிப்பாரு. "தம்பி எந்த ஊரு?" உறுவையாறு. "உறுவையாறுல யாரு வீடு?" மில்லுக்காரர் வீடு. "அட, மில்லுக்காரர் பேரனா! உங்க அத்தைய பாகூர்லதானே குடுத்திருக்கு?" முடிஞ்சுது உன் சரித்திரம். உன் பேரைச் சொல்ல வாயைத் தொறக்கறதுக்குள்ள பஸ் வந்துடும். நான் ரோடியர் மில்லுல தறியில நின்னவன். நான் வீட்டுக்கு வந்து எத்தனையோ வருஷம் கழிச்சு, 2020ல மில்லையே மூடிட்டாங்க. மில்லு போச்சு, மில்லுக்காரர் போகல. நான் கண்ணை மூடினாலும் சுவரொட்டியில பேருக்குக் கீழ அடைப்புக்குறி போட்டு அதைத்தான் அடிப்பான்.

இதுல நடுவுல ஒரு கேள்வி வரும். "எந்தத் தெரு?" தெருவைக் கேக்கறவன் வழி கேக்கலடா. சிரிச்சிக்கிட்டேதான் கேப்பான். பதிலைக் கேட்டுக்கிட்டு, உன் தோள்மேல போட்ட கையை வச்சிருக்கிறதா எடுத்துக்கிறதான்னு முடிவு பண்ணுவான்.

நீ இன்னாருன்னு அடுத்தவன் முடிவு பண்றதை ஒத்துக்காம நம்ம பக்கத்து ஆளுங்க என்னென்னவோ பண்ணிப் பார்த்திருக்காங்க. 1873ல பொன்னுத்தம்பிப் பிள்ளைன்னு ஒரு வக்கீல், வெள்ளைக்காரன் போடுற பூட்சைப் போட்டுக்கிட்டுப் புதுச்சேரி கோர்ட்டுக்குப் போனாரு. உள்ளூர்க்காரன் இதைப் போட்டுக்கிட்டு வரக்கூடாதுன்னுட்டாங்க. மனுசன் விடல, பாரீஸ்ல இருக்கிற மேல்கோர்ட்டு வரைக்கும் இழுத்து ஜெயிச்சாரு. 1881ல பிரெஞ்சு சர்க்கார் ஒரு சட்டம் கொண்டாந்தது. உன் சாதி வழக்கம், மத வழக்கம் எதுவும் எனக்கு வேணாம்னு எழுதிக் குடுத்துட்டு, புதுசா ஒரு குடும்பப் பேரை வச்சிக்கிட்டு பிரெஞ்சுச் சட்டத்துக்குள்ள வந்துடலாம். நம்ம பூட்சுக்காரரு மொத ஆளாப் போயி லாபோர்த்னு பேரு வாங்கிக்கிட்டாரு. அவரு பின்னால ஒடுக்கப்பட்ட ஜனங்க நெறைய பேரு போனாங்க. அப்பன் பேரு, பாட்டன் பேரு எல்லாத்தையும் கழட்டி வச்சாத்தான் மரியாதை கெடைக்கும்னா, பழைய பேருக்குள்ள எத்தனை தெரு இருந்திருக்கும்னு பார்த்துக்க.

உனக்கு அந்தப் பாடு இல்ல. நீ பேசப்போற எடத்துல மொதல்ல என்ன வேலை செய்யறன்னுதான் கேப்பாங்க. தெருவைக் கேக்கணும்னு நெனைக்கிறவன்கூட ரொம்பச் சுத்திதான் வரணும். இப்படி ஒரு எடம் எங்க காலத்துல கெடைச்சிருந்தா நாங்க என்னென்னவோ சொல்லியிருப்போம். நீ என்னடான்னா அங்க போயி "முடிவுகளை நோக்கிப் பயணிப்பவன்"கிற. பயணச்சீட்டு எடுத்தியா?

அடுத்தது உன் ரெண்டாவது பத்தி. "சிறு வயது முதலே கணினியின் மீது தீராத காதல்." ஆதியிலேருந்து கதையைத் தொடங்குற இந்த வியாதி உன்னோட ஆரம்பிச்சதில்ல, பாகூர்லயே இருக்குது. அங்க ஒரு கல்விச்சாலைக்கு மூணு ஊரை மானியமா எழுதி வச்ச செப்பேடு 1879ல கெடைச்சுது. பல்லவ ராசா நிருபதுங்கன் காலத்து ஏடு, ஒம்பதாம் நூற்றாண்டு. சொல்ல வந்த சேதி என்ன? படிக்கிற புள்ளைங்களுக்கும் சொல்லிக் குடுக்கிறவங்களுக்கும் மூணு ஊரு. ஆனா ஏடு எங்க தொடங்குது தெரியுமா? விஷ்ணுவோட தொப்புள்ல. அதுலேருந்து பிரம்மா, அவருகிட்டேருந்து ஆங்கிரசு, அப்புறம் பிருகஸ்பதி, பரத்வாசர், துரோணர், அசுவத்தாமன், அதுக்கப்புறம்தான் பல்லவன். ராசா ஊட்டுக் கதை, தொப்புள்லேருந்து வரலாம். உன்னோடது கம்ப்யூட்டர் வகுப்புல ஜன்னலோர பெஞ்சிலேருந்துதான் வருது. அங்கயும் நீ வரைஞ்சது கிரிக்கெட் மட்டைன்னு உங்க டீச்சரே சொல்லியிருக்காங்க.

அப்புறம் சோழன் வந்தான். பாகூர் மூலநாதர் கோயில் சுவத்தைப் போயி பாரு, எழுத்தா இருக்கும். ராசராசன்தான் தன் சாதனையை வரிசையா மெய்க்கீர்த்தியா வெட்டுற பழக்கத்தை ஆரம்பிச்சு வச்சது. ஒரு நாட்டை ஜெயிச்சா ஒரு வரி கூடும். இன்னொண்ணை ஜெயிச்சா இன்னொரு வரி. கல்வெட்டுப் படிக்கிறவங்க மெய்க்கீர்த்தியில எது வரைக்கும் வந்திருக்குதுன்னு பார்த்தே, இது ராசாவோட இத்தனையாவது வருசம்னு சொல்லிடுவாங்க. அவன் மகன் ராசேந்திரன் கடாரம் வரைக்கும் கப்பல் விட்டு, அந்த ஊர்ப் பேரையெல்லாம் அடுக்கினான் பாரு, வெட்டின கல்தச்சனுக்கு விரல் தேஞ்சிருக்கும். சேர்த்துக்கிட்டே போறது, ஒண்ணையும் எடுக்கிறதில்ல. உன் சான்றிதழ் பட்டியலும் அப்படித்தான் வளருது. ரெண்டு மணி நேரம் உட்கார்ந்து கேட்டதுக்கெல்லாம் ஒரு காகிதம் குடுப்பானாம், அதுக்கு ஒரு வரியாம்.

ஆனா அந்தக் கல்வெட்டைக் கடைசி வரைக்கும் படிச்சியா? இத்தனை தேசத்தை ஜெயிச்ச இன்ன ராசாவோட இத்தனையாவது வருசத்துல, இந்த ஊருக்காரர் கோயில்ல ஒரு நந்தாவிளக்கு எரிய 96 ஆடு குடுத்தாரு. அவ்வளவுதான் சேதி. அந்த ஆட்டை இடையன்கிட்ட விடுவாங்க. குட்டி போட்டு எண்ணிக்கை குறையாம அவன் பார்த்துக்கணும், தினம் ஒரு உழக்கு நெய் கொண்டாந்து அளக்கணும். விளக்கு எரிஞ்சது ஆட்டு நெய்யில. கடாரத்தாலயா எரிஞ்சுது?

உன் ஆட்டுக் கணக்கு எங்கடா?

இருக்கட்டும், அதுக்கு வரேன். அதுக்கு முன்னால கீழூர் சமாசாரம் ஒண்ணு. பக்கத்துலதானே இருக்குது, நினைவு மண்டபத்தைப் பார்த்திருக்க. 1954 அக்டோபர் 18ஆம் தேதி 178 பேரு கூடி ஓட்டுப் போட்டாங்க. இந்தியாவோட சேரணும்னு 170, வேணாம்னு 8. இன்னைக்கு இந்தக் கொம்யூன்ல நாலு பேரை நிக்க வச்சுக் கேளு, நாலு பேரு தாத்தாவும் அந்த 170ல இருப்பாரு. கணக்குப் போட்டா ஒவ்வொருத்தருக்கும் பேரன் ஒரு லாரி தேறும். அந்த எட்டுப் பேருதான் பாவம், சந்ததியே இல்லாமப் போயிட்டாங்க போல. எதுக்குச் சொல்றேன்னா, நீ அந்தப் பெரிய கம்பெனி திட்டத்துல "முக்கியப் பங்காற்றினேன்"னு எழுதியிருக்கியே, அதே திட்டத்துல முக்கியப் பங்கு ஆத்தினவங்க எத்தனை பேருன்னு அங்க இருக்கிறவங்களுக்குத் தெரியும்.

சரி, பட்டியல் வாசிச்சு மாட்டிக்கிட்ட ஒருத்தரு கதை சொல்றேன். லேசுப்பட்ட ஆளில்ல, உ.வே.சாமிநாதையர். 1880, அவருக்கு 25 வயசு. கும்பகோணம் காலேஜுல தமிழ் வாத்தியார் வேலை கெடைச்சு ஒரு வருசம்கூட ஆகல. ஊருக்குப் புது முன்சீப்பு, சேலம் இராமசாமி முதலியார் வந்திருக்காரு. அக்டோபர் மாசம் இவரு பார்க்கப் போறாரு. யார்கிட்ட பாடம் கேட்டீங்கன்னாரு முன்சீப்பு. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளைகிட்டன்னாரு இவரு. அந்தப் பேரைச் சொன்னா மத்தவங்க எழுந்து நிப்பாங்க. முதலியார் முகத்துல ஒரு மாத்தமும் இல்ல. என்னென்ன படிச்சிருக்கீங்கன்னாரு. விட்டாரு பாரு இவரு! அந்தாதி, கலம்பகம், கோவை, உலா, தூது, பிள்ளைத்தமிழ்னு ஒவ்வொண்ணுலயும் கொத்துக் கொத்தா. எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு, இதையெல்லாம் படிச்சு என்ன பிரயோசனம்னு கேட்டாரே ஒரு கேள்வி. அப்புறம் சீவக சிந்தாமணி படிச்சிருக்கீங்களா, சிலப்பதிகாரம், மணிமேகலை படிச்சிருக்கீங்களான்னு கேட்டாரு.

இந்த எடத்துல நீயா இருந்தா என்ன சொல்லியிருப்ப? "அடிப்படைப் பரிச்சயம் உண்டு"ன்னு எழுதியிருப்ப. அவரு சொன்னாரு, புத்தகம் கெடைக்கல, அதனால படிக்கல, கெடைச்சாப் படிப்பேன்னு. அந்த ஒரு பதிலுக்குத்தான் சிந்தாமணிப் பிரதி அவரு கைக்கு வந்தது. அதைப் படிக்கப் போயி, புரியாத எடத்துக்கு அந்த ஊரு ஜைனருங்க வீடு தேடிப் போயிக் கேட்டு, 1887ல அச்சுக்குக் கொண்டாந்தாரு. பின்னாலயே பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலைன்னு அவரு வாழ்க்கை மொத்தமும் அந்தப் பக்கம் திரும்பிப் போச்சு. படிச்சேன்னு சொன்ன நூறு புத்தகம் காப்பாத்தல. படிக்கலன்னு சொன்ன மூணு புத்தகம் தூக்கி விட்டுச்சு. இதைப் பக்கத்துல இருந்தவன் எவனும் பார்த்து எழுதலடா. அறுபது வருசம் கழிச்சு, தமிழ்த் தாத்தான்னு பேரெடுத்தப்புறம், ஆனந்த விகடன்ல அவரே எழுதினாரு. நீ முப்பது வயசுல மறைக்கிறதை அவரு எண்பத்தஞ்சுல எடுத்து வச்சாரு.

மறைக்கிறதுன்னதும் ஞாபகம் வருது. உன் வேலை வரலாத்துல நடுவுல ரெண்டு வருசம் எங்க? மெக்கானிகல் படிச்சு முடிச்சேன்கிற, அடுத்த வரியில சென்னையில சாப்ட்வேர் கம்பெனிங்கிற. கேட்டா "அது ஒண்ணுமில்ல தாத்தா, வீட்டுல சும்மா இருந்தேன்"கிற. ஏன்டா, நம்ம லாஸ்பேட்டையில கடைசி வரைக்கும் இருந்த கி.ராஜநாராயணனைக் கேள்விப்பட்டதில்ல? ஏழெட்டு வகுப்புக்கு மேல தாண்டாத கரிசக்காட்டு விவசாயி. புதுச்சேரி பல்கலைக்கழகம் கூப்பிட்டுப் பேராசிரியர் நாற்காலி போட்டுக் குடுத்துச்சு. அவரு தன்னைச் சொல்லிக்கிட்டது எப்படி? மழைக்குத்தான் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்கினதாகவும், அங்க போயும் மழையைத்தான் பார்த்துக்கிட்டு இருந்ததாகவும் சொல்வாரு. பட்டம் வாங்கின அத்தனை பேரு அறிமுகமும் மறந்து போச்சு, இது ஒண்ணு நிக்குது.

உன் ரெண்டு வருச மழையை நான் பார்த்தேன். உங்கப்பன் கால் ஒடிஞ்சு கட்டுப் போட்டுக் கெடந்தான். கரும்புக்குத் தண்ணி கட்டணும். மூணு பேஸ் கரண்டு ராத்திரி ரெண்டு மணிக்கு வரும், போயி ஸ்டார்ட்டரை அமுக்க ஆளில்ல. பாம்புக்குப் பயந்தவன் நீ. ஒரு பழைய பட்டன் போனைப் பிரிச்ச. அது நடுங்குறதுக்குப் போற ஒயரை வெளிய இழுத்து, ஒரு ரிலேவுல குடுத்து, ரிலேவைப் பச்சைப் பட்டனோட சேர்த்த. வீட்டுல படுத்துக்கிட்டே மிஸ்டு கால் விட்டா அங்க மோட்டார் ஓடுச்சு. கல்யாண வீட்டுக்கு வர்ற மாதிரி தெருவே வந்து பார்த்துட்டுப் போச்சு.

அப்புறம் கரண்டு இருந்த ஒரு மத்தியானம் எவனோ கடன் வேணுமான்னு அந்த நம்பருக்குப் போன் போட்டான். கடன் வேணாம்னு சொல்ல போனுக்கு வாயில்ல, மோட்டாரைப் போட்டுடுச்சு. பக்கத்து நெலத்துல வெட்ட இருந்த உளுந்து தண்ணியில நின்னுது. அவரு வீட்டு வாசல்ல வந்து பேசின பேச்சை உங்க ஆயா இன்னும் சொல்லிக் காட்டுவா. அன்னைக்கு ராத்திரி உட்கார்ந்தவன்தான்டா நீ. எந்த நம்பருலேருந்து வந்தா ஓடணும், எதுக்கு ஓடக்கூடாதுன்னு ஒரு சின்ன சில்லு வாங்கி, அதுக்குப் புரியற பாஷையைத் தேடித் தேடிக் கத்துக்கிட்டு எழுதின. நீ எழுதின மொத புரோகிராம் அது. உளுந்துக்காரரு திட்டினதுதான் உன் மொத குரு உபதேசம். இதை எழுதாம கணினிக் காதலை எழுதியிருக்க.

செஞ்சதைக் காட்டினாலே போதும்டா. கனக. சுப்புரத்தினம்னு ஒரு வாத்தியாரு, நம்ம புதுச்சேரியில வேணு நாயக்கர் கல்யாணத்துல எழுந்து பாரதியார் பாட்டைப் பாடினாரு. அந்தக் கூட்டத்துலயே பாரதியார் உட்கார்ந்திருக்காருன்னு அவருக்குத் தெரியாது. இன்னாரு மகன், இங்க வேலைன்னு ஒரு வார்த்தை சொல்லல. பாட்டு சொல்லிச்சு. அவருதான் பாரதிதாசன். உன் கூட்டத்துலயும் எவன் உட்கார்ந்திருக்கான்னு உனக்குத் தெரியாது. அந்த ரிலே ஒயரைக் காட்டு, தெரிஞ்சவன் திரும்பிப் பார்ப்பான்.

இப்ப எழுது. பேரு. ஊரு உறுவையாறு, சங்கராபரணிக் கரை. மெக்கானிகல் படிச்சேன், வேலை கெடைக்கல. கரும்புக்குத் தண்ணி கட்டினேன். மோட்டார் போட ஒரு போனைப் பிரிச்சேன், அடுத்தவர் உளுந்தை நனைச்சேன், அதைச் சரி பண்ணப் போயி புரோகிராம் கத்துக்கிட்டேன். இப்ப ஒரு சென்னைக் கம்பெனிக்காக, மத்தவங்க எழுதுற புரோகிராம்ல எங்க தண்ணி புகும்னு தேடுறதுதான் என் வேலை. இன்னது எனக்குத் தெரியாது, தெரிஞ்சவங்க சொல்லுங்க. அம்புட்டுதான். எத்தனை வரி? ஆறேழு. கல்தச்சனுக்கும் விரல் தேயாது.

சம்பளம் போடணுமான்னு கேக்காத. உங்கம்மாகிட்டயே நீ இன்னும் சரியான தொகையைச் சொல்லல.