போல்ட் போடுவதா, பற்றவைப்பதா?

லிஃப்ட் செய்த வண்டிக்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி (கோவை): ஜிம்னியை 2 அங்குலம் உயர்த்தியாயிற்று. ஸ்பிரிங், ஷாக் எல்லாம் புதுசு. இப்போது கடைக்காரர் பிராக்கெட்டும் வாங்கச் சொல்கிறார். தேவையா, வியாபாரமா?

பதில்: இரண்டும்தான். தேவை ஏன் என்று பார்ப்போம்.

ஸ்பிரிங் வண்டியின் எடையைத் தாங்கும், அவ்வளவுதான். ஜிம்னியின் முன் ஆக்ஸில் முன்னும் பின்னும் போகாமல் பிடிப்பவை இரண்டு ஆர்ம்கள். இடமும் வலமும் போகாமல் பிடிப்பது பான்ஹார்ட் ராடு. சேஸிஸ் 50 மி.மீ. மேலே போனதும் ஆர்ம்களின் சேஸிஸ் பக்க முனையும் கூடவே ஏறிவிட்டது. அதனால் ஆக்ஸில் கொஞ்சம் சுழன்று கேஸ்டர் கோணம் குறைகிறது. வளைவு முடிந்த பிறகும் ஸ்டியரிங் தானாக நேருக்கு வராது. நெடுஞ்சாலையில் 90 கி.மீ. வேகத்தில் சின்னச் சின்னதாகத் திருத்திக்கொண்டே ஓட்டுவீர்கள்.

பான்ஹார்ட் ராடுக்கு ஒரு கணக்கு. நீளம் 850 மி.மீ., ஒரு முனை மற்றதைவிட 80 மி.மீ. உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். குறுக்கு அளவு 846 மி.மீ. வண்டியை 50 மி.மீ. உயர்த்தினால் அது 840 ஆகிவிடும். ஆக்ஸில் 6 மி.மீ. ஒரு பக்கமாக ஒதுங்கும். ஒதுங்கியது சின்ன விஷயம். சாய்ந்த ராடு ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் ஆக்ஸிலைப் பக்கவாட்டில் இழுத்துத் தள்ளும், அதுதான் பெரிய விஷயம். முனைகளைப் பழைய கோணத்துக்குக் கொண்டுவருவதே பிராக்கெட்டின் வேலை.

ஒரு எச்சரிக்கை. பான்ஹார்ட் ராடும் ஸ்டியரிங்கின் டிராக் லிங்கும் இணையாக இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் சரிசெய்து மற்றதை விட்டால், நீங்கள் திருப்பாமலே மேட்டில் ஸ்டியரிங் திரும்பும்.

கேள்வி (திருச்சி): சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். பிராக்கெட்டுக்கு போல்ட்டா, வெல்டிங்கா?

பதில்: திங்கட்கிழமை அதே வண்டியில் வேலைக்குப் போகிறவருக்கு போல்ட். டிரெய்லரில் ஏற்றிப் போட்டிக்குக் கொண்டுபோகிறவருக்கு வெல்டிங்.

கேள்வி (மதுரை): "போல்ட் எப்படியும் ஆட்டம் கொடுத்துவிடும், வெல்டிங்தான் உறுதி" என்கிறார் என் மெக்கானிக். அனுபவசாலி. அவர் சொல்வது தவறா?

பதில்: அவர் பார்த்தது உண்மை, சொல்லும் காரணம்தான் தவறு. ஆட்டம் கொடுத்த போல்ட்களை அவர் நிறையப் பார்த்திருப்பார். ஒழுங்காக முறுக்கப்பட்ட போல்ட் அவரிடம் வரவே வராதே!

பிராக்கெட் நழுவாமல் இருப்பது ஓட்டைக்குள் போல்ட் குறுக்கே நிற்பதால் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படியல்ல. முறுக்கும்போது போல்ட் இழுபட்டு விறைக்கிறது. அந்த இழுப்பு இரண்டு தகடுகளையும் நெரிக்கிறது. நெரிபட்ட தகடுகளின் உரசல்தான் பிராக்கெட்டை நிறுத்திவைக்கிறது. 12 மி.மீ. தடிமனுள்ள 8.8 ரக போல்ட் சரியாக முறுக்கினால் ஏறக்குறைய 4 டன் பலத்தில் நெரிக்கும். அதில் ஆறில் ஒரு பங்கு உரசலாகக் கிடைத்தால்கூட ஒரு போல்ட் 600 கிலோ தள்ளுதலைத் தாங்கும். இரண்டு, மூன்று போல்ட் உள்ள பிராக்கெட்டுக்கு இது தாராளம்.

இந்த நெரிப்பு போய்விட்டால் எல்லாம் போச்சு. பிராக்கெட் நூலளவு அசையும், போல்ட் ஓட்டையை இடிக்கும், வட்ட ஓட்டை முட்டை வடிவமாகும். அதற்குப் பிறகு எவ்வளவு முறுக்கினாலும் நிற்காது.

நெரிப்பு எப்படிப் போகிறது? தகடுகளுக்கு நடுவே தடித்த பெயிண்ட் இருந்தால் அது நசுங்கி நசுங்கி இடம் விடும். பெட்டி வடிவ சேஸிஸில் உள்ளே குழாய் ஸ்லீவ் வைக்காமல் முறுக்கினால் சேஸிஸ் சுவரே உள்வாங்கும். போல்ட்டின் மரை விழுந்த பகுதி இரண்டு தகடுகளும் சந்திக்கும் இடத்தில் வந்தால், பலவீனமான இடத்திலேயே வெட்டு விழும். அங்கே மரையில்லாத வழவழப்பான தண்டு வர வேண்டும். கடைசியாக, கை பலத்தை மட்டும் நம்பி முறுக்குவது. 12 மி.மீ. 8.8 போல்ட்டுக்குச் சுமார் 85 நியூட்டன் மீட்டர் தேவை. டார்க் ரெஞ்ச் இல்லாத பட்டறையில் சஸ்பென்ஷன் வேலைக்கு வண்டியை விடாதீர்கள். கிட் விற்றவர் தரும் அளவு வேறாக இருந்தால் அதையே பின்பற்றுங்கள். 500 கி.மீ. ஓடியபின் மறுபடி சோதியுங்கள். பிறகு ஒவ்வொரு காட்டுப் பயணத்துக்குப் பிறகும்.

போல்ட்டின் தலையில் 8.8 அல்லது 10.9 என்று பொறித்திருக்க வேண்டும். எண் இல்லாத போல்ட் சஸ்பென்ஷனுக்கு ஆகாது.

கேள்வி (ஈரோடு): எங்கள் தெரு வெல்டர் கேட், கிரில் எல்லாம் அருமையாக அடிப்பார். ஆக்ஸில் பிராக்கெட்டை அவரிடம் கொடுக்கலாமா?

பதில்: கேட் வேலைக்கு அவரையே கூப்பிடுங்கள். கேட் மலைப்பாதையில் இறங்காது.

அவருடைய கைத்திறனில் குறை காணவில்லை. பொருளும் முறையும் வேறு என்பதுதான் விஷயம். கிரில் பட்டறையில் இருப்பது பெரும்பாலும் 6013 ராடு. ஆக்ஸில், சேஸிஸ் வேலைக்கு ஹைட்ரஜன் குறைந்த 7018 வேண்டும். அதுவும் அடுப்பில் காயவைத்த ராடு. ஈரம் ஏறிய ராடு வெல்டிங்குக்குள் ஹைட்ரஜனை விட்டுவிடும், நாள் கழித்து விரிசல் வரும். நல்ல மிக் வெல்டிங் இன்னும் வசதி. ஆனால் மிக் மெஷினில் ஒரு ஆபத்து உண்டு: மேலே அழகாக வரி விழுந்திருக்கும், அடியில் இரும்போடு உருகிச் சேர்ந்திருக்காது. வெளித்தோற்றத்தை வைத்துத் தீர்மானிக்காதீர்கள். அதே தடிமனில் வேறொரு துண்டில் வெல்டிங் வைத்து, அறுத்துக் காட்டச் சொல்லுங்கள். நல்ல வெல்டர் கோபிக்க மாட்டார்.

ஆக்ஸில் குழாய் ஒரு பக்கமே சூடானால் வளையும். மி.மீ.யில் சிறு பங்கு வளைந்தாலும் சீல் வழியாக ஆயில் கசியும், பேரிங் சீக்கிரம் தேயும். அதனால் ஓர் அங்குலம் வைத்து, எதிர்ப்பக்கம் போய் ஓர் அங்குலம் வைத்து, நடுவே ஆறவிட்டுச் செய்ய வேண்டும். தானாக ஆற வேண்டும். தண்ணீர் ஊற்றிக் குளிரவைக்கிறவரைப் பார்த்தால் உடனே வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். நடுவில் இருக்கும் வார்ப்பு ஹவுசிங்கில் பிராக்கெட் வருமானால் அது தனிக் கலை. முன்கூட்டியே சூடேற்றி, நிக்கல் ராடு வைத்து, மெல்ல ஆறவிடத் தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள்.

வெல்டிங்குக்கு முன் பேட்டரியின் இரண்டு முனைகளையும் கழற்றுங்கள். எர்த் கிளாம்பை வெல்டிங் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டச் சொல்லுங்கள். தூரத்தில் மாட்டினால் மின்சாரம் வீல் பேரிங் வழியாகப் போய் அதைக் கெடுக்கும். ஏ.பி.எஸ். வயர், பிரேக் ஹோஸ், டீசல் குழாய் எல்லாம் விலக வேண்டும். பெயிண்டையும் துத்தநாகப் பூச்சையும் கிரைண்டரால் எடுக்க வேண்டும், ஏனென்றால் துத்தநாகப் புகை வெல்டருக்குக் காய்ச்சல் கொண்டுவரும். உங்கள் வண்டிக்காக இன்னொருவர் உடம்பு கெட வேண்டாம்.

கேள்வி (ஊட்டி): என்னுடையது பழைய ஜிப்ஸி. ஸ்பிரிங் பட்டையை ஆக்ஸிலுக்கு மேலே மாற்றினால் நல்ல உயரம் கிடைக்கும் என்கிறார்கள். இதற்கு போல்ட் வழி உண்டா?

பதில்: இங்கே வெல்டிங்தான், வேறு பேச்சில்லை. ஜிப்ஸியில் பட்டை ஆக்ஸிலுக்குக் கீழே இருக்கிறது. மேலே மாற்றினால் சுமார் 5 அங்குலம் உயரும். பட்டை உட்கார ஆக்ஸில் குழாயின் மேல்பக்கம் புதிய இருக்கை வேண்டும். கியரில் முடுக்கும்போது ஆக்ஸில் தன்னைத்தானே சுழற்றிக்கொள்ளப் பார்க்கும். அந்த முறுக்கு முழுவதும் இந்த இருக்கையில்தான் இறங்கும். யூ போல்ட் நெரிப்பு மட்டும் அதற்குப் போதாது.

அவசரப்பட்டு இருக்கையை முழுதாகப் பற்றவைத்துவிடாதீர்கள். முதலில் சும்மா வைத்து, யூ போல்ட்டை லேசாக முறுக்கி, வண்டியை நாலு சக்கரத்திலும் முழு எடையோடு இறக்குங்கள். பின் ஆக்ஸிலின் பினியன் முனை புரொப்பல்லர் ஷாஃப்டை எந்தக் கோணத்தில் சந்திக்கிறது என்று அளந்து சரிசெய்யுங்கள். பிறகு புள்ளி வைத்து, ஆக்ஸிலைக் கழற்றி, மேசையில் போட்டு முழு வெல்டிங். வண்டியைத் தூக்கி வைத்து அளந்தால் எடை இறங்கியதும் கோணம் மாறிவிடும், ஷாஃப்ட் அதிர ஆரம்பிக்கும்.

5 அங்குலம் உயர்ந்த ஜிப்ஸியின் பிரேக் ஹோஸ் எட்டாது. ஸ்டியரிங் லிங்கும் பட்டையில் இடிக்கும். இவற்றுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்க முடியாதவர் இந்த வேலையைத் தொடக்கூடாது.

கேள்வி (சென்னை): 2020-க்குப் பிறகு வந்த தார். முன்னால் என்ன பிராக்கெட் போடலாம்?

பதில்: முன்னால் ஒற்றை ஆக்ஸில் கிடையாது, இரண்டு சக்கரமும் தனித்தனி. அதனால் பான்ஹார்ட், கேஸ்டர் பிராக்கெட் பற்றிய பேச்சு முன்பக்கத்துக்குப் பொருந்தாது. உயர்த்தினால் டிரைவ் ஷாஃப்ட் கோணம் அதிகமாகி ரப்பர் பூட் கிழியும். டிஃபரன்ஷியலைக் கொஞ்சம் கீழே இறக்கும் ஸ்பேசர் பிராக்கெட் போல்ட்டிலேயே வரும், அது போதும். பின்பக்கம் முழு ஆக்ஸில், போல்ட், வெல்டிங் பற்றி மேலே சொன்னது அங்கே பொருந்தும்.

கேள்வி (தூத்துக்குடி): போல்ட்டும் போட்டு, மேலே வெல்டிங்கும் வைத்துவிட்டால் இரட்டை உறுதிதானே?

பதில்: வரிசை சரியாக இருந்தால் நல்ல யோசனை. போல்ட்டில் மாட்டி ஓட்டிப் பாருங்கள், அலைன்மென்ட் பாருங்கள், ஸ்டியரிங் திரும்புகிறதா, எங்காவது இடிக்கிறதா என்று கவனியுங்கள். எல்லாம் சரி என்றால் ஆக்ஸில் பக்க பிராக்கெட்டின் ஓரத்தைப் பற்றவைக்கலாம். பற்றவைத்தபின் கோணம் தவறு என்று தெரிந்தால் கிரைண்டரைத் தவிர வழியில்லை.

போல்ட் தலை மேல் மட்டும் வெல்டிங் வைக்காதீர்கள். சூடு பட்டதும் 10.9 ரக போல்ட்டின் பதம் போய்விடும், உறுதி குறையும். காயில் ஸ்பிரிங், பட்டை இவற்றின் மீதும் வெல்டிங் பொறி விழக்கூடாது. முறிவு அந்தப் புள்ளியில்தான் தொடங்கும்.

கேள்வி (சேலம்): போல்ட் பிராக்கெட்டைக் கழற்றிவிடலாம். அப்படியானால் ஆர்.டி.ஓ. பிரச்சினை இல்லைதானே?

பதில்: போல்ட் கழன்றால் சட்டம் கழன்றுவிடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரம் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். செய்வதற்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸ் நிறுவனத்திலும் எழுத்தில் கேளுங்கள். விபத்துக்குப் பிறகு கேட்டால், அடிபட்டவருக்குச் சேர வேண்டிய பணமும் சிக்கலில் மாட்டும்.

கேள்வி (திருநெல்வேலி): 4 அங்குல லிஃப்ட். ஆர்ம்களுக்கு டிராப் பிராக்கெட் போட்டேன். சாலையில் சொர்க்கம், பாறையில் பிராக்கெட்டே இடிக்கிறது!

பதில்: இடிக்கத்தான் செய்யும். உயரம் வேண்டும் என்று வண்டியைத் தூக்கி, வண்டிக்கு அடியில் இரும்பைத் தொங்கவிட்டிருக்கிறீர்கள். தொங்கும் நீளம் கூடக்கூட சேஸிஸில் இறங்கும் முறுக்கும் கூடும். 2 அங்குலத்துக்கு டிராப் பிராக்கெட் நல்ல விடை. 4 அங்குலத்துக்கு நீளமான, சரிசெய்யும் வசதியுள்ள ஆர்ம்கள்தான் சரி. செலவு அதிகம். பாறைதான் உங்கள் ஆசை என்றால் இந்தச் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் 2 அங்குலத்துக்கு இறங்கிவிடுங்கள். நான் இறங்கச் சொல்வேன்.

கேள்வி (கொடைக்கானல்): பான்ஹார்ட் பிராக்கெட்டின் வெல்டிங் ஓரத்தில் மயிரிழைக் கோடு தெரிகிறது. பெயிண்ட் வெடிப்பு என்கிறார் நண்பர். அடுத்த வாரம் வத்தலகுண்டு போக வேண்டும். போகலாமா?

பதில்: போகக்கூடாது. வெல்டிங்கின் விளிம்பில், வெல்டிங்குக்கு இணையாக ஓடும் கோடு இரும்பின் விரிசலாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அந்தக் கோட்டில் துருக்கறை கசிந்திருந்தால் பெரும்பாலும் விரிசல்தான். கம்பி பிரஷ்ஷால் பெயிண்டை எடுத்துவிட்டு, விரிசல் பார்க்கும் சிவப்புச் சாயத்தை அடித்து, துடைத்து, வெள்ளைப் பொடி ஸ்பிரே அடியுங்கள். சிவப்புக் கோடு எழுந்து நின்றால் சந்தேகமே வேண்டாம். பட்டறைக்காரர் அதன் மேலேயே இன்னொரு வரி வெல்டிங் வைக்க வருவார். விடாதீர்கள். விரிசலை முழுதாகக் கடைந்து எடுத்து, எதனால் வந்தது என்று பார்த்து, பிறகுதான் புதிதாகப் பற்றவைக்க வேண்டும். மலை இறக்கத்தில் இந்த பிராக்கெட் பிய்ந்தால் ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் ஆக்ஸில்தான் நகரும், சக்கரம் சரியாகத் திரும்பாது. எதிரே வருவது பள்ளி வேனாகவும் இருக்கலாம். வண்டியை இன்றே நிறுத்துங்கள். பட்டறைக்கு இழுவை வண்டியில் ஏற்றி அனுப்புங்கள். வத்தலகுண்டுக்குப் பேருந்து இருக்கிறது.