முப்பது உயிர் இலவசம்

கான்ட்ரா விளையாட்டில் மூன்றே உயிர். ஆனால் தொண்ணூறுகளில் டிவி கேம் இருந்த வீட்டுப் பையன்கள் எல்லாருக்கும் ஒரு மந்திரம் தெரியும்: மேல் மேல், கீழ் கீழ், இடம் வலம், இடம் வலம், பி, ஏ. தலைப்புத் திரை வரும்போது இதை அழுத்தினால் முப்பது உயிர். யார் சொல்லித் தந்தது என்று யாருக்கும் தெரியாது. பக்கத்துத் தெருவில் இதற்கு வேறொரு பாடம் இருந்தது. அது பலிக்காது, ஆனாலும் அவர்கள் அதையேதான் ஓதினார்கள்.

மந்திரத்தின் ரிஷி கொனாமி நிறுவனத்தில் வேலை பார்த்த கசுஹிசா ஹாஷிமோட்டோ. 1986-ல் கிராடியஸ் விளையாட்டைச் சோதித்துப் பார்க்க வேண்டியவர் அவர். அவராலேயே அதை ஆடிக் கடக்க முடியவில்லை. தனக்கென்று ஒரு குறுக்குவழி போட்டுக்கொண்டார். நீக்காமல் விட்டதால் அது அப்படியே கடைக்கு வந்துவிட்டது. பிறகு கான்ட்ராவுக்கும் அதையே வைத்தார்கள்.

அப்புறம் கம்ப்யூட்டர் காலம். ஜிடிஏ வைஸ் சிட்டியில் 'பான்சர்' என்று தட்டினால் எதிரில் ஒரு டாங்கி வந்து நிற்கும். சான் ஆண்ட்ரியாஸில் 'ஹெசோயாம்' என்றால் உடம்பு தேறும், கவசம் வரும், கூடவே 2,50,000 டாலர். பிரௌசிங் சென்டர் சுவரில் இவற்றையெல்லாம் யாரோ ஒரு புண்ணியவான் பேனாவால் எழுதி ஒட்டியிருப்பான். 2013-ல் இந்த ஆட்டங்களைச் செய்த அதே ராக்ஸ்டார் நிறுவனம் ஜிடிஏ ஆன்லைனைக் கொண்டுவந்தது. அதில் ஷார்க் கார்டு என்று ஒன்று. நிஜப் பணம் கொடுத்தால் விளையாட்டுப் பணம் தருவார்கள். ஹெசோயாமுக்கு விலைச்சீட்டு ஒட்டியாயிற்று.

அக்கா மகன் பதினொன்றாம் வகுப்பு. "மாமா, ஒரு ஸ்கின் வாங்கித் தாங்களேன்" என்றான். ஸ்கின் என்றால் திரைக்குள் இருக்கிற பொம்மைக்குச் சட்டை. அதைப் போட்டால் குண்டு குறி தவறாதா என்று கேட்டேன்.

"அதெல்லாம் இல்ல மாமா. ஆனா ஸ்கின் இல்லாம வந்தா நூப்னு சொல்லுவாங்க."

"தீபாவளிக்கு நீ புதுச்சட்டை கேட்டு அழலியாடா?" என்று சமையலறையிலிருந்து அக்கா குரல் கொடுத்தாள். வழக்கு அங்கேயே பாதி முடிந்துவிட்டது.

2006-ல் பெதஸ்டா நிறுவனம் ஆப்லிவியன் விளையாட்டில் குதிரைக்குக் கவசம் விற்றது. விலை இரண்டரை டாலர். உலகமே சிரித்தது, சிரிப்புக்கு நடுவே கவசம் விற்றுப்போகவும் செய்தது. எனக்கு அந்தக் குதிரைக் கவசத்தின் மீது இப்போது மரியாதை வந்துவிட்டது. விலை எழுதியிருந்தது, பொருள் கண்ணுக்குத் தெரிந்தது, வேண்டாம் என்றால் குதிரை வெறும் உடம்போடு ஓடும். இதில் அநியாயம் எங்கே? 2012-ல் கேப்காம் நிறுவனம் செய்ததுதான் வயிற்றெரிச்சல். ஸ்ட்ரீட் ஃபைட்டர் எக்ஸ் டெக்கன் வட்டிலேயே பன்னிரண்டு வீரர்கள் இருந்தார்கள், பூட்டி வைக்கப்பட்டு. வட்டுக்கு ஒரு விலை, சாவிக்கு இன்னொரு விலை.

2017-ல் இஏ நிறுவனம் இன்னும் ஒரு படி மேலே போனது. ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃப்ரன்ட் 2-ஐ முழு விலை கொடுத்து வாங்கியவனும் டார்த் வேடராக ஆட 60,000 கிரெடிட் சேர்க்க வேண்டியிருந்தது. நாற்பது மணி நேரம் ஆகும் என்று கணக்குப் போட்டார்கள் ஆட்டக்காரர்கள். சாதித்த பெருமை கிடைக்கட்டும் என்றுதான் இந்த ஏற்பாடு என்று நிறுவனம் விளக்கம் சொன்னது. லட்சக்கணக்கானவர்கள் திரண்டு வந்து அந்த விளக்கத்தின் தலையில் குட்டினார்கள். விளையாட்டுகளுக்குள் விற்கிற, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே காசு கொடுத்துத் திறக்கிற பெட்டிகளைச் சூதாட்டம் என்றே 2018-ல் பெல்ஜியம் சொல்லிவிட்டது. நம் ஊர்த் திருவிழாக் கடையிலாவது பரிசுகளைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருப்பான்.

இதையெல்லாம் நான் விளக்கிக்கொண்டிருந்தபோது பையன் குறுக்கே கேட்டான்: "நீங்க வைஸ் சிட்டிக்கு எவ்வளவு மாமா குடுத்தீங்க?"

பர்மா பஜாரில் ஐம்பது ரூபாய். அதில் ராக்ஸ்டாருக்கு எத்தனை பைசா போயிற்று என்று அவன் கேட்கவில்லை, பார்த்தான். அதற்கு முந்தைய கேசட்டில் '9999 இன் 1' என்று போட்டிருக்கும். எண்ணிப் பார்த்தால் ஏழெட்டு ஆட்டம்தான் பெயர் மாற்றிப் பெயர் மாற்றி வரும். நுகர்வோர் நீதிக்கு நான் அவ்வளவு பொருத்தமான சாட்சி இல்லை.

"சரி, ஒரு ஒப்பந்தம்" என்றேன். "புது ஊர், புதுக் கதை வந்தால் நான் காசு தருகிறேன். தி விட்சர் 3-க்கு 2016-ல் பிளட் அண்ட் வைன் வந்தது பார், ஒரு நாட்டையே கூடுதலாகக் கொடுத்தார்கள். அது நியாயம். சட்டைக்கு மாட்டேன்."

"எங்க கேம்ல மேப் எல்லாம் ஃப்ரீ மாமா."

"அதற்கு யார் காசு தருகிறார்கள்?"

"சட்டை வாங்குறவன்தான்."

வாங்கிக் கொடுத்தேன். நேரே ரூபாய்க்குச் சட்டை கிடையாதாம்; முதலில் புள்ளி வாங்க வேண்டும். சட்டையின் விலைக்குச் சரியான அளவில் புள்ளி விற்பதில்லை. அடுத்த பெரிய கட்டைத்தான் வாங்க வேண்டியிருந்தது. மீதிப் புள்ளியில் என்ன வரும் என்று கேட்டேன். ஒன்றும் வராது, இன்னும் கொஞ்சம் சேர்த்தால் தொப்பி வரும் என்றான்.