நுனிப்புல்லும் புடவைக்கடையும்

மட்டக்களப்பு வாவியின் மேற்கே, சூரியன் படுகின்ற, அதாவது மறைகின்ற, பக்கமாதலால் படுவான்கரை எனப் பெயர்பெற்ற நிலத்திலுள்ள பழுகாமத்திலிருந்து ஒரு குடும்பம் சித்திரை வருடப்பிறப்புக்கு முன்னர் பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து களுவாஞ்சிகுடிக்குச் சாமான் வாங்கப் புறப்படுவது, பெரும்போக அறுவடைக் காசு கையிலிருக்கும் காலமாதலால், ஏறக்குறைய ஒரு படையெடுப்பின் தன்மை வாய்ந்தது. புடவைக்கடையில் 30 சேலைகளை விரிக்கச்செய்து, கரையை நிமிண்டிப் பார்த்து, விலையைக் கேட்டு உதட்டைப் பிதுக்கி, ஒன்றும் வாங்காமல் எழுந்துவருவது இல்லத்தரசியின் விவேகமாகக் கொள்ளப்படுகிறது. கடைக்காரரும் சோடா கொடுத்து அதனை ஊக்குவிக்கிறார். புத்தகசாலையிலோ (இச்சொல் ஈழத்துச் சிற்றூர்களில் பெரும்பாலும் கொப்பி, பேனை, கடந்தகால வினாத்தாள் விற்கும் கடையைக் குறிக்கும், பாடநூல்களை 1980 முதல் அரசே இலவசமாகக் கொடுத்துவருவதால் கடைக்காரருக்கு எஞ்சியவை இவையே) கண்ணாடி மேசைக்கு அப்பாலுள்ள நாவலொன்றை எடுத்துத் தரச்சொல்லி, நான்கு பக்கம் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பவர் களவுக்கு வந்தவராகப் பார்க்கப்படுகிறார். வாங்கும் நோக்கமின்றிப் புரட்டும் இவ்வின்பத்தைத் தமிழ் மரபு நுனிப்புல் மேய்தல் என்று இகழ்ந்தது மாடு வளர்க்கும் படுவான்கரைக்கு அடுக்காது. மாடு முதலில் நுனியைத்தான் கடிக்கிறது. மேலும், மாட்டுக்கு மயிலத்தமடு, மாதவனை என மேய்ச்சல் தரைகளேனும் உண்டு. அவற்றிலும் தகராறு நீடிப்பது வேறு கதை. தந்தையார் மட்டும், புலமைப்பரிசில் மாதிரி வினாத்தாள் இருக்கிறதா என்று கேட்டவாறே, அலுமாரியில் தூசு படிந்த சிறுகதைத் தொகுதியின் முதுகை ஓரக்கண்ணால் வாசிக்கிறார். அதற்குள் படை அடுத்த புடவைக்கடைக்கு நகர்ந்துவிடுகிறது.