காயம் படாத மரம்

ஒரு காலத்தில் மலேசியாவின் ஆயர் ஈத்தாமைச் சுற்றிக் கித்தா என்ற ரப்பர்க் காடுதான். அம்மா பால்மரம் வெட்டினார். இருட்டிலேயே பிரட்டு, தோட்டத்துக் கணக்கரான கிராணி பெயர் வாசித்ததும் விளக்கோடு காட்டுக்குள் இறங்குவார்கள். வெயில் ஏறினால் பால் குறைந்துவிடும்.

பால் வெட்டுவதை லேசான வேலை என்று நினைக்காதீர்கள். பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும். ஆழம் போதாவிட்டால் பால் வராது. மயிரிழை கூடினாலும் மரத்தில் காயம். புதுப்பட்டை அங்கே முண்டும் முடிச்சுமாக வளர்ந்து, பிறகு கத்தி ஓடாது. அம்மாவின் நிரையில் மரங்கள் வழவழவென்றிருக்கும். அதை ஒருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. காயம் பட்டால்தான் மேற்பார்வை பார்க்கும் தண்டல் பெயர் சொல்லிக் கூப்பிடுவார், ஏசுவதற்கு. ஸ்டோரில் பாலை நிறுத்தார்கள், தண்ணீர் கலந்திருக்கிறதா என்று சோதித்தார்கள்.

எங்கள் ஊர்ச் சாலையோரப் பீங்கான் கடைகளில் வெளியூர்க்காரர்கள் சாடியைத் தடவி, "யார் செஞ்சது?" என்று கேட்பார்கள். மரத்தடி மங்குக் கிண்ணத்தில் நிறைந்த பாலைப் பார்த்து அப்படிக் கேட்க ஆளில்லை.

1990இல் தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் மாதச் சம்பளம் கேட்டு வேலைநிறுத்தம் செய்தது. மழை பெய்தால் வெட்டில்லை, வெட்டில்லாத நாளுக்குக் கூலியில்லை என்றிருந்த சனத்துக்கு அது காசுப் பிரச்சினை மட்டுமல்ல. எங்களையும் மாதச் சம்பளக்காரர்களாக மதியுங்கள் என்பதும் அதில் இருந்தது.

இன்று அந்த நிரையில் செம்பனை நிற்கிறது. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் மகள் போன மாதம் சிறந்த ஊழியர் என்று ஒரு சான்றிதழ் கொண்டு வந்தாள். அம்மா அதை முந்தானையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

"எல்லாருக்கும் முன்னாலயா குடுத்தாங்க?"

"ஆமா பாட்டி."

"பேரச் சொல்லியா?"

"சொல்லித்தான் பாட்டி. கை தட்டினாங்க."

அம்மா மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. எனக்குத்தான் நெஞ்சு அடைத்தது. தண்டலைக் குறை சொல்கிறேன். அம்மா வெட்டிய பாலில் படித்த நாங்களும் அந்த வேலையைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. "கஷ்டப்பட்டாங்க" என்று பிறரிடம் சொல்வோம். கஷ்டத்தைச் சொன்னோம், கைத்திறனைச் சொல்லவில்லை.

உங்கள் வீட்டிலும் பால் வெட்டிய அம்மாவோ அப்பாவோ இருப்பார்கள். எப்படி வெட்டினீர்கள் என்று உட்கார்ந்து கேளுங்கள். அவர்கள் காதால் கேட்கும்போதே அதைப் பாராட்டிவிடுங்கள்.