மின்கித்தாரின் மௌன விரதம்: ஒரு தர்க்க விசாரம்

ஆடிக் கொடையின் நடுவே மெல்லிசைக் குழுவின் பழைய மின்கித்தார் திடீரென்று ஊமையாகிவிடுமானால், அதன் காரணத்தை நிர்ணயிப்பதில், 1992-இல் வெளிவந்த ‘ரோஜா’வின் படப்பிடிப்பைக் கண்டு காமிராவுக்கும் மைக்குக்கும் பழகிப்போன சுந்தரபாண்டியபுரத்தார்கூட ஒருமித்த அபிப்பிராயத்தை எய்துவது அரிது. பந்தலடியில் மூன்று மதங்கள் எழும்.

திருஷ்டி என்பது முதல் மதம். எலுமிச்சம்பழத்தோடு தீர்ந்துவிடுவதால் இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

குற்றாலச் சாரல் உள்ளே இறங்கிவிட்டது என்பது இரண்டாம் மதம். இது எளிதில் தள்ளத்தக்கதன்று. பிக்கப் எனப்படுவது, காந்தத்தைச் சூழ்ந்து, தலைமயிரை ஒத்த செப்புக்கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகளாகச் சுற்றிய சுருளேயாகும். எஃகுத் தந்தி அதிரக் காந்தப்புலம் அசைந்து, 1831-இல் ஃபாரடே கண்ட நியதிப்படி அச்சுருளில் நுண்ணிய மின்சாரம் பிறக்கிறது. ஈரத்தால் களிம்பேறிக் கம்பி ஓரிடத்தில் அற்றாலும் சங்கீதம் அவ்விடத்திலேயே நின்றுபோகும்.

மூன்றாவது, ரேடியோ ரிப்பேர்க் கடை அண்ணாச்சியின் சித்தாந்தம்: “சாரல் மேல பழி போடாதீய, முதல்ல ஜாக்கைப் பாருங்க!”

இவருக்குப் பிரமாணம் மல்டிமீட்டர். சுருளின் இரு வயர்களையும் விடுவித்து அளக்க, ஒற்றைச் சுருள் பிக்கப் 6 முதல் 8 கிலோ ஓம் வரை காட்டுமாயின் அது ஜீவித்திருக்கிறது. முள் அசையவே மறுத்தால் இரண்டாம் மதத்தாருக்கு ஜயம். உயிருள்ள சுருளை மீண்டும் இணைத்து, ஆம்பை முடுக்கி, ஸ்க்ரூடிரைவரால் காந்தத்தின் தலையில் மெல்லத் தட்டியும் ‘டொக்’ என்னும் சப்தம் எழாவிட்டால், குற்றவாளி சுவிட்சு, வால்யூம் கண்ட்ரோல், ஜாக் என்னும் மூவருள் ஒருவர். வருஷக்கணக்காகச் சொருகியும் பிடுங்கியும் தளர்ந்த ஜாக்கினடியில் ஈயப்பற்று விட்டிருப்பதே பெரும்பான்மை வழக்கு. ஒரு சொட்டு ஈயத்தில் தீரும் இவ்வியாதிக்காகப் புதுக் கித்தாருக்கு வரிவசூல் பேசியவர்களின் முகத்தை அப்போது பார்க்கலாகாது.

மௌனம் கலைந்ததும் தோன்றுவது ரீங்காரம். ஒற்றைச் சுருள் தந்தியின் அதிர்வோடு சீரியல் செட்டின் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தையும் பட்சபாதமின்றிக் கேட்பதால் வருவது இது. இதனை அடக்கவே கிப்சன் கம்பெனியின் சேத் லவர், எதிரெதிராக அமைந்த இரட்டைச் சுருளுக்கு 1955-இல் காப்புரிமை கோரினார். நம் வித்துவானோ காசு செலவின்றி, இரைச்சல் அடங்கும் கோணம் வரும்வரை கித்தாரோடு மெல்லத் திரும்பி, அப்படியே நின்று வாசிக்கிறார். அத்திசையில் அம்மன் சன்னிதியும் அமைந்துவிடுமானால், அவருடைய பக்தியை மெச்சி முன்வரிசைப் பாட்டிமார் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள்.