சேடில் மிச்சம் பிடிச்ச மாப்ளே!

மாடி எடுத்துட்டியாமே மாப்ளே, பேஷ்! புதுச்சேரி கதிர்காமத்துல, அதுவும் இந்திரா காந்தி மருத்துவக் கல்லூரிக்குப் பக்கத்துல ரூம் கட்டுனா, வாடகைக்கு ஆள் தானா வரும். நேத்து சாயங்காலம் ஏறிப் பார்த்தேன். படிக்கட்டுக்குக் கிரானைட்டு, கைப்பிடிக்கு ஸ்டீலு. ஒயரிங்தான் எல்லாத்தையும் தூக்கிச் சாப்பிட்டுடுச்சு போ.

மீட்டர் பெட்டியில இருந்து மேல போற பிவிசி பைப்பைச் சுவத்தோட பிடிக்க ஆறடிக்கு ஒரு சேடில் அடிச்சிருக்கே. நடுவுல பைப்பு முழுகாம இருக்கிறவ மாதிரி வயித்தைத் தள்ளிக்கிட்டு நிக்குது. மோட்டாருக்குப் போற ஒயருக்கு அதுகூட இல்ல, ஆணி அடிச்சு மடக்கி விட்டிருக்கே. ஆணி கடிச்ச இடத்துல தோலு கிழிஞ்சு செம்பு பல்லை இளிக்குது. சிக்கனம்னா இதுதான் சிக்கனம்!

ஐஎஸ் 732-ன்னு ஒயரிங்குக்கு ஒரு விதிப் புத்தகம் இருக்குது. இரும்புப் பைப்புக்கு ஒரு மீட்டருக்குள்ள ஒரு சேடில், பிவிசிக்கு 60 சென்டிமீட்டருக்கு ஒண்ணு, வளைவு வந்தா ரெண்டு பக்கமும் 30 சென்டிமீட்டர்ல ஒண்ணுன்னு 1989லயே எழுதி வெச்சுட்டான். உன் தாத்தா வீட்டு ரீப்பர் கட்டை ஒயரிங்ல படுக்கைவாட்டுல 10 சென்டிமீட்டருக்கு ஒரு கிளிப்பு. பாவம், அவங்களுக்கு அப்போ டிவி இல்ல, பொழுது போகல.

பிடிப்பு இல்லாத ஒயரோட கனம் எங்க போவும்? ஸ்விட்ச் பெட்டித் திருகுலதான் தொங்கும். காத்துல ஆட ஆட திருகு தளரும், தளர்ந்த இடம் சூடாவும், அப்புறம் கருகும். லைட்டு மினுக்குச்சுன்னா நீ மின்துறையைத் திட்டுவே. அவங்களும் திட்டு வாங்கிப் பழகுனவங்கதான்.

பின்கட்டு ஷெட்டுக்கு அந்தரத்துல ஒயர் இழுத்தியே, தாங்கறதுக்கு ஜி.ஐ. கம்பி எங்கே? உன் வூட்டுக்காரி அதுலயே ஈரப் புடவை காயப் போடுறா. கொடிக்கயிறு காசும் மிச்சம். தானே புயல் 2011 டிசம்பர் 30ல வந்துது, ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30ல. அடுத்ததுக்கு உன் வூட்டு விலாசம் தெரியாதுன்னு தைரியமா இருக்கியா?

இன்னொண்ணு கேளு. 2010ல இங்கிலாந்துல, சவுத்தாம்ப்டன்ல ஒரு அடுக்குமாடியில தீப்பிடிச்சுது. ஒயரைப் பிடிச்சிருந்த பிளாஸ்டிக்கு உருகி, ஒயரெல்லாம் சரிஞ்சு விழுந்துது. அணைக்கப் போன தீயணைப்புக்காரங்க ரெண்டு பேரு செத்துப்போனாங்க. தீயில உருகிச் சரியாத பிடிப்பு கட்டடம் பூரா வேணும்னு 2018ல அங்க விதியே போட்டுட்டான்.

நாளைக்கே ஒயர்மேனை வரச் சொல்லு. மெயினை அணைச்சுட்டு ஏணி வைக்கச் சொல்லு. கிழிஞ்ச ஒயரை மாத்து, சேடிலை எண்ணி அடி, ஷெட்டுக்கு ஜி.ஐ. கம்பி இழு. வாடகைக்காரன்கிட்ட அட்வான்ஸ் வாங்குறதெல்லாம் அதுக்கப்புறம்தான் மாப்ளே.